முட்டை வடிவில் வெட்டிய படம்

ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் விட்டார்களே, அந்த வருஷம் நடந்தது இது. தேதி எனக்கு நிற்காது. பெரிய பூஜை, அதாவது துர்கா பூஜை முடிந்து, பந்தல் மூங்கிலைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காளி பூஜைக்குக் கடைகளில் விளக்கும் பட்டாசும் வந்துவிட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த நாட்கள். எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெட்ரோவில் நானும் என் வீட்டுக்காரியும் ஒரே ஒரு தடவை போனோம். ஹவுரா மைதானத்தில் ஏறினோம். வண்டி ஆற்றுக்கு அடியில் போகும்போது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்துக்கு அடியில போவுதுன்னா மேல ஒழுவாதா?"

"ஒழுவாது. நல்லா அடைச்சிக்கீறான்."

"நீ போய்ப் பாத்தியாய்யா?"

நான் ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டி கோக்கும் ஷண்டிங் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். ரயில் விஷயத்தில் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அவள் அதை நம்பாதது அவள் வழக்கம். எஸ்பிளனேடில் இறங்கியதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, சுவரு இவ்ளோ சுத்தமா கீது. ஒரு போஸ்டர்கூட இல்ல. யாரு செத்தான், யாரு கீறான்னு ஜனங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். எங்களுக்குக் காட்பாடிப் பக்கம். அங்கே ஒருவர் இறந்துபோனால் அவர் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டிவிடுவார்கள். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவளுக்கு முதல் வேலை அந்தச் சுவர்களைப் படிப்பதுதான். அவள் ஐந்தாவது வரை படித்தவள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். கல்கத்தாவில் இத்தனை வருஷம் இருந்தும் அவளுக்கு அந்தச் சுவர் ஒரு குறையாகவே இருந்தது.

அந்த மெட்ரோ சவாரி முடிந்து கொஞ்ச நாளில்தான் அவள் விழுந்தாள். லட்சுமி பூஜை கழிந்த ஒரு காலை. சமையலறைத் தொட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பாத்திரம் விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. போய்ப் பார்த்தால் தரையெல்லாம் அரிசி. அவள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது. என்னவோ சொல்லப் பார்த்தாள். வந்தது வார்த்தை இல்லை.

சால்ட் லேக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்ட்ரோக் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அவளுக்கு நாம் சொல்வது புரிகிறது, பதில்தான் வரவில்லை என்றார் டாக்டர். தனிப் பிரிவில் வைத்திருந்தார்கள். பிரஷர்தான் பயம், அது இறங்கி நிலையாக நின்றால் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடலாம், இன்னொரு தடவை ஏறினால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது, மனசு கலங்கும்படி எதுவும் அவள் காதில் போடாதீர்கள் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் ஜபம் மாதிரி மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் என்ஜின் பிட்டர். அப்போது அவன் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். கப்பலில் நெட் கிடைத்தால் ஒரு மெசேஜ் வரும், இல்லாவிட்டால் நாள்கணக்கில் ஒன்றும் வராது. அம்மா விழுந்ததை அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. அடுத்த துறைமுகம் வந்தால்தான் இறங்க முடியும் என்று பதில் போட்டிருந்தான். அவன் கப்பலுக்குப் போனதே அவளுக்குப் பிடிக்கவில்லை. "ரயில்ல போனா உங்கப்பன மாரி திரும்பி வருவே. தண்ணி மேல போனவன யாருடா கொடி காட்டி நிறுத்துவான்?" என்பாள். சாந்த்ராகாச்சியில் காற்று பலமாக அடித்தால்கூட எழுந்து போய் போனைப் பார்ப்பாள்.

என் மருமகள் வங்காளிப் பெண். கரியாஹாட்டில் வாழ்த்து அட்டை, ஆல்பம் செய்யும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். தமிழை என் வீட்டுக்காரியிடம் கற்றுக்கொண்டதால் அவளும் "கீது, கீறான்" என்றுதான் பேசுவாள். எங்கள் காலனியில் அவள் பேசுவதைக் கேட்க ஆட்கள் வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பார்கள். மாமியாருக்கும் அவளுக்கும் ஒரே ஒரு வழக்கு. கல்யாணமான வங்காளிப் பெண்கள் சங்கு வளையும் சிவப்பு வளையும் போட்டு, வகிட்டில் சிந்தூரம் வைப்பார்கள் இல்லையா, இவள் இரண்டும் செய்யமாட்டாள்.

"இன்னாடி இது, கை மொட்டையா கீது? எங்க தாலிதான் வேணாம்ன, உங்க ஊரு வளையலாவது போடேன்."

"மா, காகிதம் வெட்டும்போது இடிக்குது மா. அந்த வளையல் ஒடஞ்சா நீங்கதான் அழுவீங்க."

"நெத்தியில?"

"அரிக்குது மா."

என் வீட்டுக்காரி அந்த மொட்டைக் கையை இரண்டு விரலால் தட்டிவிட்டுப் போவாள். தினமும் நடக்கும். கோபம் எதுவும் இல்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், காரணம் பின்னால் வருகிறது.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்ன வயசுப் பெண் வருவாள். வங்காள வழக்கப்படி என்னை மேஷோமஷாய் என்றும் என் வீட்டுக்காரியை மாஷிமா என்றும் கூப்பிடுவாள். ஒரு நாள் மத்தியானம் வெளியே வந்து எங்களிடம் சொன்னாள்.

"மேஷோமஷாய், மாஷிமாவுக்கு வீட்டு ஆட்கள் படமெல்லாம் ஒட்டி ஒரே ஒரு பக்கம் செய்து கொடுங்கள். நான் காட்டிக் கேட்பேன், அவர் கையால் தொட்டுக் காட்டட்டும். அங்கிருந்துதான் பேச்சை இழுக்க வேண்டும். உள்ளே போன் அனுமதி இல்லை. படங்கள் பெரிதாக இருக்கட்டும். நாலு மணிக்கு உள்ளே போகிறேன், அதற்குள் முடியுமா?"

"முடியும்" என்றாள் மருமகள். கடையில் அவசரமாக வந்து, பிறந்தநாளுக்கு இப்போதே ஒரு பக்கம் செய்து கொடு என்று நிற்பவர்களுக்கு நின்ற இடத்தில் செய்து கொடுப்பவள் அவள். பையில் கத்தரியும் பசைக் குச்சியும் எப்போதும் இருக்கும்.

எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. மாமியாருக்குக் காட்டலாம் என்று முன்பே வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த கல்யாணப் படம், வீட்டுப் படம் எதையும் வெட்ட அவளுக்கு மனசில்லை, நகல் எடுக்கலாம் என்றாள். போனிலிருந்து மகனுடைய படத்தையும் எடுக்க வேண்டும். அவன் கப்பலிலிருந்து கடைசியாக அனுப்பியது. பின்னால் ஒரே குழாய்களும் சக்கரங்களும், முகத்தில் கறுப்பு மசி, யாரோ ஒருவன் கை தோள்மேல். கடைக்காரன் கலர் மெஷின் ரிப்பேர் என்றான்.

"இன்னாமா பண்றது? வேற கடை பாக்கலாமா?"

"வேணாம் பாபா. கறுப்பு வெள்ளை இன்னும் நல்லாத்தான் கீது. நாலு படம் நாலு கலர்ல இருந்தா கண்ணு எங்க போவும்? ஒரே மாதிரி இருந்தா பக்கம் ஒண்ணா நிக்கும்."

அது எனக்குச் சரியென்று பட்டது. கேன்டீனில் ஒரு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். டீ வாங்கினோம், குடிக்கவில்லை. தடிமனான வெள்ளை அட்டை. அவள் வேலை செய்துகொண்டே சொல்லிக்கொண்டு போனாள், எனக்காக இல்லை, தனக்காக. ஒரு பக்கத்தில் ஒரு படம்தான் ராஜா. மற்றதெல்லாம் சின்னது. மா யாரைத் தேடுகிறாரோ அவர்தான் பெரிது. ஆகவே மகன் நடுவில். பின்னால் இருக்கும் குழாயெல்லாம் கண்ணை இழுக்கும், அது வேண்டாம். தோள்மேல் இருக்கும் அந்தக் கையும் வேண்டாம். முகத்தை மட்டும் முட்டை வடிவத்தில் வெட்டி எடுத்தாள். சுற்றிலும் வெறும் வெள்ளை இடம் விட்டாள். "இடம் விட்டாத்தான் படம் மூச்சு விடும் பாபா."

யார்டில் நாங்கள் வண்டி கோக்கும்போதும் இப்படித்தான், கனமான பெட்டி எங்கே, காலிப் பெட்டி எங்கே என்று ஒரு முறை உண்டு. அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தையும் தன் முகத்தையும் சின்னதாக வெட்டிக் கீழே ஓரத்தில் ஒரே வரிசையில் ஒட்டினாள். கோடு பிடித்த மாதிரி நேராக நின்றன. அப்புறம், நடுப்படம் மிதக்கிற மாதிரி இருக்கிறது, இரண்டு பக்கமும் ஏதாவது தாங்க வேண்டும் என்றாள். கடை வேலைக்காக அவள் பையில் காளி பூஜை ஸ்டிக்கர்கள் இருந்தன. இடது பக்கம் ஒரு விளக்கு, வலது பக்கம் ஒரு விளக்கு ஒட்டினாள்.

"பூவு ஜோடியா வெக்கக் கூடாது. மூணு வெச்சா அழகு." படத்துக்குக் கீழே வெள்ளைக் காகிதப் பூ மூன்று.

"தேதி போடாத பக்கம் பக்கமே இல்லன்னு எங்க முதலாளி சொல்வாரு." மேல் ஓரத்தில் அன்றைய தேதி.

எனக்கு உள்ளே என்னவோ ஒன்று உறுத்தியது. சட்டைக்குள் எறும்பு போன மாதிரி. என்னவென்று தெரியவில்லை. கிட்டே உட்கார்ந்து, பசை ஒட்டின விரலோடு, ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

"இன்னா பாபா, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. நேரம் ஆவுது, குடு."

ஓடிப்போய்க் கொடுத்தோம். பயிற்சிப் பெண் வாங்கிப் பார்த்து, "ஆஹா, என்ன அழகாக இருக்கிறது. மாஷிமா சந்தோஷப்படுவார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

நாங்கள் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். மருமகள் போனை எடுத்தாள். கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறாள், நெட் கிடைத்தால் அவன் பார்க்கட்டும் என்று. "இங்க பாருங்க பாபா" என்று கொஞ்சம் தள்ளி நீட்டினாள்.

எழுத்துப் படிக்கத் தெரியாத நாங்கள் எதையும் வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்போம். யார்டில் தூரத்தில் வருகிற பெட்டியை அப்படித்தான் நான் கண்டுபிடிப்பேன். கையளவு போனில் அந்தப் பக்கம் மொத்தமாக, சின்னதாகத் தெரிந்தது. நடுவில் கறுப்பு வெள்ளையில் முட்டை வடிவத்தில் ஒரே ஒரு முகம். இரண்டு பக்கமும் விளக்கு. கீழே வெள்ளைப் பூ. மேலே தேதி. அடியில் வரிசையாகச் சின்னச் சின்னத் தலைகள், துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் மாதிரி.

காட்பாடி ஸ்டேஷன் சுவர்.

என் வீட்டுக்காரியின் தம்பி இறந்தபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஊரிலிருந்து போன் வந்தது, சீரியஸாக இருக்கிறான், கிளம்பி வாருங்கள் என்று. ஆள் போய்விட்டாலும் சீரியஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஹவுராவில் ஏறி மெட்ராஸில் வண்டி மாறி, வழியெல்லாம் அவள் வேண்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் போன் செய்வோம். "பரவால்ல, நல்லா கீறான், நீங்க வாங்க" என்பார்கள். காட்பாடியில் இறங்கி வெளியே வந்தோம். எதிர்ச் சுவரில் அவன் முகம். விளக்கு, பூ, தேதி. அவள் அன்று வாசிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து, நல்லா இருக்கிறான் என்று யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் இப்போது கதவுக்கு உள்ளே படுத்திருக்கிறாள்.

நான் எழுந்து ஓடினேன். காவல்காரன் கையைக் குறுக்கே வைத்தான்.

"தாத்தா, இன்னும் டைம் ஆகவில்லை. கார்டு எங்கே?"

"அந்தக் காகிதம். அந்தக் காகிதத்தை வாங்கணும்."

"எந்தக் காகிதம்? பில்லா? பில் கீழே."

எனக்கு யார்டு இந்தியும் கடைத்தெரு வங்காளமும் வரும். ஆனால் இதை எந்தப் பாஷையில் சொல்வது? படம் அழகாக இருக்கிறது, அதுதான் தப்பு என்று எப்படிச் சொல்வது? "தப்பான படம், தப்பான படம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னான்.

மருமகள் என் கையைப் பிடித்தாள். "இன்னாச்சி பாபா? எனக்குச் சொல்லுங்க."

சொன்னேன். செத்தவங்களுக்கு எங்க ஊர்ல சுவத்துல ஒட்டறது இப்பிடித்தாம்மா கீது, அச்சு அசலா இப்பிடியேதான், என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர்கள் ஊரில் செத்தவர் படத்துக்கு மாலை போடுவார்கள், இப்படித் தெருவில் ஒட்டுவதில்லை. போனை எடுத்து மறுபடி பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அவர வெட்டி எடுத்துட்டேன்" என்றாள். "தோள் மேல இருந்த கையக்கூட வெட்டிட்டேன்."

காவல்காரனிடம் அவள் வங்காளத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. பயிற்சிப் பெண்தான். கையில் அந்த அட்டை. முகத்தில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

"வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா? உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்தைப் பார்த்தவுடன் நன்றாகத்தான் பார்த்தார். நடுப்படத்தைத் தொட்டார். விளக்கைத் தொட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார், அழுகிறார். இடது கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். பிரஷர் ஏறுகிறது. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்."

என்னை உள்ளே விட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள், மெட்ரோவில் பிடித்த மாதிரி, ஆனால் இழுத்தாள். அவள் தலைமாட்டில் பெட்டி மாதிரி ஒன்று டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மே. புள்ள நல்லா கீறான். அந்தப் படம் சும்மா. தப்பா ஒட்டிட்டோம்."

நல்லா கீறான் என்று என் வாயிலிருந்து வந்ததும்தான் தெரிந்தது, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று. அவள் பிடியை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிஸ்டர் என் தோளைத் தொட்டு, வெளியே இருங்கள் என்றாள்.

வெளியே வந்து மருமகளிடம், "நான் சொன்னா நம்பமாட்டா" என்றேன். "யாரு சொன்னாலும் நம்பமாட்டா. கண்ணால பாக்கணும்."

"போன் போட்டா? அவர் கிடைப்பாரா?" அவள் ஏற்கெனவே அடித்துப் பார்த்துவிட்டாள். கிடைக்கவில்லை.

"நீ போ" என்றேன். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அவளும் தன்னையே பார்த்துக்கொண்டாள். வெறும் கை. வெறும் வகிடு. என் வீட்டுக்காரிக்கு இந்த ஊர்ப் பழக்கமெல்லாம் தெரியும். புருஷன் போனால் இங்கே பெண்கள் எதையெல்லாம் கழற்றுவார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். இவள் எப்போதும் இப்படித்தான், ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த கண்ணுக்கு முன்னால் இப்படியே போய் நின்றால் வேறு சாட்சியே வேண்டாம்.

பயிற்சிப் பெண், "சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்" என்றாள்.

"பாபா, கோயில் குங்குமம் கீதா?"

என் சட்டைப் பையில் இருந்தது. என் வீட்டுக்காரி விழுந்த மறுநாள் இங்கே நம் தமிழ்க்காரர்கள் கோயிலில் அர்ச்சனை செய்து வாங்கி வைத்த பொட்டலம். மருமகள் அதை வாங்கினாள். கைப்பை மூடியில் இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்து வகிட்டில் நீளமாக இழுத்தாள். அவசரத்தில் நெற்றியெல்லாம் சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

"நான் வைக்கமாட்டேன்னு மாகிட்ட எத்தன தடவ சண்ட போட்டேன்" என்றாள்.

அப்புறம் பயிற்சிப் பெண்ணிடமிருந்து அந்த அட்டையை வாங்கி, பெஞ்சிலேயே உட்கார்ந்து திருப்பினாள். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. வெட்ட மனசில்லாமல் காப்பாற்றி வைத்திருந்த கல்யாணப் படத்தைப் பையிலிருந்து எடுத்தாள், கலரில் இருந்த அசல். மகன் தலையில் வங்காளி மாப்பிள்ளைத் தொப்பி சரிந்திருக்கும், பக்கத்தில் இவள் சிவப்புப் புடவையில், நடுவில் என் வீட்டுக்காரி அவன் வாயில் இனிப்பைத் திணித்துக்கொண்டிருப்பாள். யாரோ ஒருவர் முதுகுகூட ஓரத்தில் இருக்கும்.

"இதுல எத வெட்டணும்?" என்று என்னைக் கேட்டாள்.

"ஒண்ணும் வெட்டாதம்மா. எங்க ஊரு போஸ்டர்ல செத்தவன் தனியாத்தான் இருப்பான். யாரும் அவன் மேல கை போட்டிருக்கமாட்டாங்க. அவன் எதுவும் தின்னுகினு இருக்கமாட்டான்."

அவள் முழுப் படத்தையும் அப்படியே ஒட்டினாள். நேராகக்கூட ஒட்டவில்லை. பக்கத்தில் இன்னொன்று, மகன் சாந்த்ராகாச்சி வீட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்குவது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருந்தது. வெள்ளை இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. விளக்கு இல்லை, பூ இல்லை, தேதி இல்லை. கடையில் இப்படிச் செய்தால் அவள் முதலாளி திட்டியிருப்பார். பின்பக்கத்து முட்டை வடிவப் படத்தை மட்டும் நகத்தால் சுரண்டிக் கிழித்து எடுத்தாள். துண்டு துண்டாகத்தான் வந்தது. அந்தத் துண்டுகளைக் கீழே போடாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போனாள். கதவில் கண்ணாடி வைத்த ஒரு சதுரம் உண்டு. அதன் வழியாகத்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரி சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். மருமகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், தரையில் முட்டி போட்டுத் தலையைக் குனிந்து, வகிட்டை அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். எதுவும் பேசவில்லை என்று அப்புறம் சொன்னாள். பேசினால் பொய் மாதிரி இருக்கும் என்று நினைத்தாளாம்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது. காவல்காரன்கூட என் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். டிங் டிங் சத்தம் கதவுக்கு வெளியேயும் கேட்டது. பிறகு என் வீட்டுக்காரியின் இடது கை மெதுவாக எழுந்தது. வகிட்டைத் தொட்டது. விரலை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், நிஜமாக ஒட்டுகிறதா என்று. மருமகள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவள் அதைப் பார்த்தாள். மறுபடி வகிட்டைப் பார்த்தாள். மறுபடி அட்டை. சந்தேகம் அவளுக்கு அவ்வளவு லேசில் போகாது. மெட்ரோவில் கூரை ஒழுகவில்லை என்பதையே அவள் வெளியே வந்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

அப்புறம் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். வெறும் கை. வகிட்டைச் சரிசெய்த அவசரத்தில் அந்தக் கையை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டிருந்தோம்.

அவள் அந்த மொட்டைக் கையை இரண்டு விரலால் தட்டினாள். டப் டப் என்று, எங்கள் சமையலறையில் தினமும் தட்டுகிற மாதிரி.

மருமகள் கட்டில் கம்பியில் தலையை வைத்து அழுதாள். என் வீட்டுக்காரி தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை இல்லை என்று நினைத்திருந்தால் அந்தக் கையை அப்படித் தட்டியிருக்கமாட்டாள்.

பிரஷர் உடனே இறங்கவில்லை. அன்று பூராவும் டாக்டர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்களை ஒன்றும் திட்டவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. காளி பூஜை வருவதற்குள் வார்டுக்கு மாற்றினார்கள். மகனும் ஒரு துறைமுகத்தில் இறங்கி வந்து சேர்ந்தான். அவனைக் கண்டதும் அவள் முதலில் அவன் தோளைத்தான் தடவிப் பார்த்தாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். பேச்சு பாதி வந்திருக்கிறது. மீதியை விரலால் தட்டிச் சொல்வாள். மருமகள் கையில் இன்றுவரைக்கும் வளையல் இல்லை. அந்தக் கோணல் பக்கம் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதன் முதுகில் கிழிந்த இடம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது.

எழுதிக்கொண்டீர்களா? இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த மாதிரிப் பக்கம் செய்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்குச் செய்து கொடுக்கிறவர்கள், யாராக இருந்தாலும் அவர்கள் காதில் போடுங்கள். உயிரோடு இருப்பவனைத் தனியாக வெட்டி நடுவில் ஒட்டாதீர்கள். கலர் இல்லையென்றால் இன்னொரு கடை தேடுங்கள். விளக்கு வேண்டாம். முடித்ததும் ஒரு தடவை தள்ளி நின்று மொத்தமாகப் பாருங்கள், பார்க்கப்போகிறவருடைய ஊர்க்காரர் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு உள்ளே அனுப்புங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள்.